முதல் ஃபேஸில் 23 வீடு

"மத்தியானம் பெட்டி நிண்டு போகுது. பின்னேரம் மோட்டர் இழுக்குதில்லை. ரெண்டும் ஒரே கம்பியில வாற கறண்ட்தானே தம்பி?"

விசுவமடுப் பக்கத்தில் ஒரு உள்வீதி. அதன் கடைசி வீட்டு அம்மா இதைக் கேட்டபோது எனக்கு உடனே பதில் வரவில்லை. பெட்டி என்று அவர் சொன்னது இன்வேர்ட்டரை, சூரியத் தகட்டின் கறண்ட்டை வீட்டுக் கறண்ட்டாக மாற்றி, மிஞ்சுவதை லைனுக்கு அனுப்பும் கருவி. கனடாவில் இருக்கும் மகன் காசு அனுப்பி, கூரையில் 5 கிலோவாட் சூரியத் தகடு போட்டுக் கொடுத்திருந்தார். அதைப் பூட்டியது நான் வேலை செய்யும் சிறு நிறுவனம். வெயில் நன்றாக ஏறும் 11 மணியிலிருந்து 2 மணி வரை பெட்டி அடிக்கடி தானாக நின்றுவிடும். திரையில் 'வோல்ட்டேஜ் கூட' என்று காட்டும். அதே வீட்டில் இரவு 7 மணிக்கு நான் மல்டிமீற்றர் வைத்து அளந்தேன். 199 வோல்ட். இலங்கையில் வீட்டுக்கு வரவேண்டியது 230, கூடினாலும் குறைந்தாலும் 6 வீதத்துக்குள். கீழே 216க்குக் குறையக் கூடாது, மேலே 244ஐத் தாண்டக் கூடாது. அந்த அம்மாவின் வீட்டில் ஒரே நாளில் இரண்டு எல்லையும் மீறின.

பெட்டியை மாற்றிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். மாற்றினாலும் அதே கதைதான் நடந்திருக்கும். கோளாறு பெட்டியில் இல்லை, லைனில் இருக்கிறது என்று மனம் சொன்னது. அதைக் கணக்குப் போட்டுக் காட்டவேண்டும் என்று தோன்றியது. அப்படித்தான் அந்தச் சின்ன ஊரின் மின்வலையை லப்டொப்பில் கட்டத் தொடங்கினேன்.

இந்த விடயத்தில் எனக்கு ஏன் இவ்வளவு ஈடுபாடு என்று சொல்லவேண்டும். நான் வன்னியில் பிறந்து வளர்ந்தவன். 1990களிலும் 2000களிலும் இங்கே பெரும்பாலான இடங்களுக்கு நாட்டின் மின்வலையிலிருந்து கறண்ட் வரவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றிய போத்தல் விளக்கில்தான் படித்தோம். பற்றரிக்கும் தடை இருந்த காலம் அது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து அண்ணா மிதியைக் கையால் சுற்றுவார், டைனமோவிலிருந்து இரண்டு வயர் ரேடியோவுக்குப் போகும், வீட்டார் எல்லாரும் சுற்றியிருந்து செய்தி கேட்போம். கை சோர்ந்தால் குரலும் சோர்ந்துவிடும். வோல்ட்டேஜ் இறங்குவது என்றால் என்ன என்று நான் முதலில் கற்றது அந்தக் குரலில் இருந்துதான். போர் முடிந்து ஆட்கள் திரும்பிக் குடியேறிய பிறகு, வவுனியாவிலிருந்து கிளிநொச்சி ஊடாகச் சுன்னாகம் வரை 132 கிலோவோல்ட் கோபுர லைன் வந்தது. உபநிலையத்தில் அது 33 கிலோவோல்ட்டாக இறங்குகிறது. பிறகு வீதியோரக் கம்பங்களில் ஊர் ஊராகப் போகிறது. ஊருக்குள் ஒரு ட்ரான்ஸ்போமர் அதை 400 வோல்ட்டாக்கி, நான்கு கம்பியில் வீடுகளுக்குக் கொடுக்கிறது. கறண்ட் கொண்டுவரும் மூன்று ஃபேஸ் கம்பி, அது திரும்பிப் போக ஒரு நியூட்ரல் கம்பி. ஒரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையில் இருப்பதுதான் நமது 230.

முதலில் எடுத்தது பாண்டாபவர். ஜேர்மனியில் காசல் பல்கலைக்கழகமும் பிராவுன்ஹோபர் நிறுவனமும் சேர்ந்து பைதன் நிரல்மொழியில் செய்த, மின்வலையைக் கணக்கிடும் கருவி அது, இலவசம், திறந்த மூலம். பைதன் கொஞ்சம் தெரிந்தவருக்கு அரை நாள் போதும். அட்டவணையில் வரிசை சேர்ப்பதுபோல முனைகளை, அதாவது கம்பி சேரும் இடங்களை, சேர்க்கிறோம், முனைகளுக்கு இடையே லைன் போடுகிறோம், வீடுகள் இழுக்கும் கறண்ட்டைச் சுமையாக வைக்கிறோம், கணக்கை ஓடவிடுகிறோம். ஒவ்வொரு முனையிலும் வோல்ட்டேஜ் எவ்வளவு, ஒவ்வொரு லைனிலும் எத்தனை அம்பியர் என்று அட்டவணையாகவே திருப்பித் தருகிறது. அதோடு வரும் கம்பி வகைகள் பெரும்பாலும் ஐரோப்பாவில் நிலத்துக்குள் போடும் கேபிள்கள். நம் ஊர்க் கம்பத்தில் தொங்கும் வெறும் அலுமினியக் கம்பியை நாமேதான் எழுதிச் சேர்க்கவேண்டும். இங்கே 'ஃப்ளை' என்று சொல்லும் கம்பி அது. 3.40 மில்லிமீற்றர் இழை 7 முறுக்கியது. கிலோமீற்றருக்குச் சுமார் 0.45 ஓம் தடை.

ட்ரான்ஸ்போமரின் கொள்ளளவு 100 கேவிஏ. அதிலிருந்து இந்தப் பக்கம் வரும் லைனில் 41 வீடு. இரவு உச்ச நேரத்தில் மொத்தம் 14 கிலோவாட்டுக்குக் கிட்ட என்று மீற்றர் வாசிப்புகளை வைத்து மதிப்பிட்டேன். ஓடவிட்டேன். கடைசி முனையில் 221 வோல்ட். எல்லாம் எல்லைக்குள்.

199 அளந்த வீட்டில் 221 என்று கணினி சொல்கிறது. மனிதர்கள் பொய் சொல்லவில்லை, மல்டிமீற்றரும் பொய் சொல்லவில்லை. அப்படியானால் நான் கட்டிய ஊர் அந்த ஊர் அல்ல.

பாண்டாபவரின் வழமையான கணக்கு மூன்று ஃபேஸிலும் சுமை சமம் என்று எடுத்துக்கொள்கிறது. அது கருவியின் குறை இல்லை. பெரிய வலைகளுக்கு அது சரியான எடுகோள். சமமில்லாத சுமையைக் கணக்கிடவும் அதில் தனி வழி இருக்கிறது. ஆனால் ஊர்க்கோடியில், ஒவ்வொரு வீடும் ஒரேயொரு ஃபேஸைப் பிடித்துக்கொண்டிருக்கும் இடத்தில், சமம் என்று எழுதினால் முதல் வரியிலேயே பிழை. சரி, எந்த வீடு எந்தக் கம்பியில் என்று பார்க்கவேண்டும். அதற்குக் கணினி உதவாது. நடக்கவேண்டும்.

இரண்டு சனி ஞாயிறு நடந்தேன். 40, 50 மீற்றருக்கு ஒரு கொங்கிரீட் கம்பம். ஒவ்வொன்றின் கீழும் நின்று போனில் இடத்தைக் குறித்தேன். வீட்டுக்குப் போகும் சேர்விஸ் வயர் மேலே எந்தக் கம்பியில் கட்டப்பட்டிருக்கிறது என்று கமராவைப் பெருப்பித்துப் படம் எடுத்தேன். வெறும் கம்பி என்பதால் கண்ணுக்குத் தெரிந்தது. உறைபோட்டு முறுக்கிய கேபிள் என்றால் இப்படிப் பார்க்க முடியாது. அங்கே ஒரே நேரத்தில் பல வீடுகளில் வோல்ட்டேஜைப் பதிந்து, எந்தெந்த வீடுகளில் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்குகிறது என்று பார்த்துத்தான் ஃபேஸைக் கண்டுபிடிக்கவேண்டும். கம்பத்தில் ஏறிப் பார்க்க யாரும் நினைக்கவேண்டாம். அது லைன்காரரின் வேலை, அவர்களுக்கும் லைனை நிறுத்திவிட்டுத்தான்.

நடந்தபோது கணக்கில் வராத பலதும் கிடைத்தது. ஒரு ஐயா தன் கிணற்று மோட்டரின் கொயிலை இரண்டு வருடத்தில் மூன்று தரம் கட்டியிருக்கிறார். மோட்டரின் முறுக்குவிசை வோல்ட்டேஜின் வர்க்கத்தோடு போகும். 230க்குப் பதிலாக 199 வந்தால் விசையில் கால்வாசி போய்விடும். தண்ணீர் ஏறாது, மோட்டர் திணறும், அம்பியரைக் கூட்டி இழுக்கும், சூடேறி எரியும். ஒவ்வொரு தரம் கொயில் கட்டுவதும் கச்சானோ மிளகாயோ வித்த காசில். "கறண்ட் காணாது தம்பி, ட்ரான்ஸ்போமரை மாத்த வேணும்" என்றார். அந்த ஊரில் எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள். 100 கேவிஏ ட்ரான்ஸ்போமர் ஒரு ஃபேஸுக்கு 144 அம்பியர் தரும். அதன் பாதியைக்கூட இந்த லைன் கேட்கவில்லை. கோளாறு வேறெங்கோ.

வீட்டுக்கு வந்து எண்ணினேன். முதல் ஃபேஸில் 23 வீடு. இரண்டாவதில் 11. மூன்றாவதில் 7.

யாரையும் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. மீள்குடியேறியவர்கள் ஒரே நாளில் வரவில்லை. இன்று இரண்டு வீடு, அடுத்த மாரிக்குப் பிறகு ஐந்து வீடு என்று வந்தார்கள். ஒவ்வொரு தரமும் எட்டிய கம்பியில் இணைப்புக் கொடுக்கப்பட்டது. பத்து வருடத்தில் கூட்டிப் பார்த்தால் இப்படி ஆகியிருக்கிறது.

இங்கேதான் ஓப்பன்டிஎஸ்எஸுக்கு மாறினேன். 1997இல் ரொஜர் டூகன் முதலானோர் எழுதத் தொடங்கிய கருவி அது. பிறகு அமெரிக்க மின்சக்தி ஆய்வு நிறுவனமான எப்ரியின் கைக்கு வந்து, 2008இல் திறந்த மூலமாக வெளியானது. பைதனிலிருந்து அதை இயக்க நல்ல நூலகங்கள் இருக்கின்றன. பாண்டாபவரைவிடப் பழகக் கொஞ்சம் கரடுமுரடு. ஆனால் அதில் ஒவ்வொரு கம்பியையும் தனித்தனியாகப் பேசலாம். முனையின் பெயருக்குப் பின்னால் புள்ளி வைத்து 1, 2, 3 என்றால் மூன்று ஃபேஸ், 4 என்று நியூட்ரலை வைத்துக்கொள்ளலாம், 0 என்றால் நிலம். எனக்கு வேண்டியிருந்தது இதுதான். கம்பத்தில் நான் கண்ணால் பார்த்த நான்கு கம்பியையும் அப்படியே எழுதலாம்.

அதில் மூன்று இடத்தில் நான் இடறினேன். பின்னால் வருபவர் இடறக் கூடாது என்பதற்காக விளக்கமாகவே எழுதுகிறேன். முதலாவது சின்னது: அது அமெரிக்கக் கருவி, அலைவெண்ணை 60 ஹேர்ட்ஸ் என்றே எடுக்கும். நமக்கு 50. முதல் வரியிலேயே மாற்றிவிடுங்கள்.

இரண்டாவதுதான் பெரியது. ஒரு வீட்டின் சுமையை முனைப் பெயருக்குப் பின் வெறும் 1 என்று எழுதினால், மறுமுனையைக் கருவி தானாகவே 0 என்று எடுத்துக்கொள்ளும். அதாவது வீட்டுக்குள் போன மின்னோட்டம் தடையே இல்லாத நிலத்தின் வழியாகத் திரும்பிவிடுகிறது. எங்கள் ஊரில் அப்படித் திரும்புவதில்லை. ஒரு கிலோமீற்றர் நீளமான நியூட்ரல் கம்பியில், அதே 0.45 ஓமைக் கடந்துதான் திரும்புகிறது. 1 என்பதை 1, 4 என்று எழுதவேண்டும். நியூட்ரலை ட்ரான்ஸ்போமரடியில் சிறிய தடை ஒன்றால் நிலத்தோடு கட்டவும் வேண்டும், இல்லாவிட்டால் அது அந்தரத்தில் மிதக்கும்.

இதன் கனம் புரிய ஒரு கணக்கைக் கையால் போட்டுப் பார்க்கலாம். சுமை எல்லாம் 1 கிலோமீற்றர் முனையில் இருக்கிறது, தடை மட்டும்தான், வேறொன்றும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 60 அம்பியர். மூன்று ஃபேஸிலும் 20, 20, 20 என்று போனால் நியூட்ரலில் ஒன்றும் ஓடாது. இறக்கம் 20 தர 0.45, அதாவது 9 வோல்ட். வீட்டில் 221. இப்போது அதே 60ஐ 35, 15, 10 என்று பிரியுங்கள், ஏறக்குறைய அந்த 23, 11, 7 வீட்டின் விகிதம். முதல் ஃபேஸ் கம்பியில் மட்டும் 16 வோல்ட் போகிறது. நியூட்ரலில் இப்போது 23 அம்பியர் ஓடுகிறது, அது இன்னும் 10 வோல்ட்டைத் தின்கிறது. முதல் ஃபேஸ் வீட்டில் மிஞ்சுவது 204. இரண்டாவதில் 227. மூன்றாவது ஃபேஸில் 232, அதாவது ட்ரான்ஸ்போமரடியில் இருப்பதைவிடவும் கூட. நியூட்ரல் தன் இடத்தை விட்டு விலகி ஒரு ஃபேஸை அமுக்கி இன்னொன்றை உயர்த்துகிறது. அடுத்தடுத்த வீடுகள், ஒரே கம்பம், ஒரே இரவு. ஒரு வீட்டில் ரியூப் லைட் விட்டுவிட்டு மின்னும்போது பக்கத்து வீட்டுக்காரர் "எங்களுக்கு ஒரு பிரச்சினையும் இல்லையே" என்று சொன்னதன் காரணம் எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. அவர் மூன்றாவது ஃபேஸ். நியூட்ரலை மறந்து 0 என்று எழுதியிருந்தால் கணினி 214 என்று காட்டியிருக்கும். எல்லையிலிருந்து 2 வோல்ட்தானே என்று விட்டிருப்பேன்.

மூன்றாவது, சுமையின் குணம். சோறு சமைக்கும் குக்கரும் அயன்பெட்டியும் வோல்ட்டேஜ் குறைந்தால் குறைவாக இழுக்கும். டிவி, எல்இடி பல்ப், போன் சார்ஜர், ஓடும் மோட்டர் எல்லாம் அப்படியல்ல, தங்களுக்கு வேண்டிய வலுவை எடுத்தே தீரும். வோல்ட்டேஜ் குறைந்தால் அம்பியரைக் கூட்டி இழுக்கும், அதனால் லைன் இன்னும் இறங்கும். ஓப்பன்டிஎஸ்எஸில் சுமையை மாறாத வலு என்று சொல்லி வைத்தாலும், வோல்ட்டேஜ் 95 வீதத்துக்குக் கீழே போனதும் அது தானாக மாறாத தடையாக மாறிவிடும். கணக்கு முடிவில்லாமல் சுற்றாமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது. 230இன் 95 வீதம் 218.5. எங்கள் ஊர்க்கோடி வீடுகள் ஒவ்வொரு இரவும் அதற்குக் கீழே. ஆக, மிகவும் கஷ்டப்படும் வீடுகளில்தான் கணக்கு மெதுவாக இளகி, நிலைமை பரவாயில்லை என்று காட்டுகிறது. அந்த எல்லையை 80 வீதத்துக்கு இறக்கினேன். கணினியில் கட்டிய மாதிரி 201 என்று காட்டியது. அளந்தது 199. மிச்சம் 2 வோல்ட் பழைய இணைப்புகளிலும், சூடான கம்பியிலும், என் மதிப்பீட்டிலும் போயிருக்கும். அதற்குமேல் துரத்தவில்லை.

திரையில் அந்த 201ஐப் பார்த்தபோது ஏற்பட்ட சந்தோசத்தை எப்படிச் சொல்வது. ஒரு ஊர் முதன்முறையாகக் கணினிக்குள் உண்மையாக வந்து இருந்தது.

பிறகு மத்தியானத்தின் புதிரும் அவிழ்ந்தது. 5 கிலோவாட் என்றால் ஒற்றை ஃபேஸில் ஏறக்குறைய 22 அம்பியர். மத்தியானம் ஆட்கள் வயலில், வீடுகளில் சுமை இல்லை. அந்த 22 அம்பியரும் ட்ரான்ஸ்போமரை நோக்கி ஃபேஸ் கம்பியில் போய், நியூட்ரலில் திரும்புகிறது. இருபுறமும் சேர்த்து 0.9 ஓம். வோல்ட்டேஜ் 20 வோல்ட் ஏறி 250ஐ நெருங்கும். பெட்டி தன் எல்லையைப் பார்த்து நிற்கிறது. அது தன் கடமையைச் செய்கிறது. இரவில் கீழே இழுத்த அதே நீளக் கம்பிதான் பகலில் மேலே தள்ளுகிறது. அம்மா கேட்ட கேள்விக்குப் பதில் அதுதான். ஆம், ஒரே கம்பி, அதனால்தான். (2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் கூரைச் சூரியத் தகடுகளைப் பகலில் நிறுத்தி வைக்கும்படி நாடு முழுவதும் கேட்டார்களே, அது வேறு பிரச்சினை. அது முழு நாட்டின் தேவையும் உற்பத்தியும் சமப்படாத கதை. இது ஒரு வீதியின் கதை. இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.) அதே 5 கிலோவாட்டை மூன்று ஃபேஸிலும் பிரித்துக் கொடுத்திருந்தால் ஏற்றம் ஆறில் ஒரு பங்குதான். ஆனால் வீட்டுக்கு இருப்பது ஒற்றை ஃபேஸ் இணைப்பு.

தீர்வைத் தேடுவதில்தான் இப்படியொரு மாதிரியின் அருமை தெரிகிறது. நிஜ லைனில் ஒரு வீட்டை மாற்றிக் கட்டிப் பார்க்க லைனை நிறுத்தவேண்டும், ஆட்கள் வேண்டும். கணினியில் ஒரு எண்ணை மாற்றினால் போதும். முதல் ஃபேஸிலிருந்து 8 வீட்டை எடுத்து, 3ஐ இரண்டாவதிலும் 5ஐ மூன்றாவதிலும் போட்டால் 15, 14, 12 என்று வரும். எந்த 8? 23இல் 8ஐத் தேர 490,314 வழி. எல்லாவற்றையும் ஓடவிடாமல், ஒவ்வொரு தடவையும் கடைசி வீட்டுக்கு அதிக வோல்ட்டைத் திருப்பித் தரும் வீட்டைத் தேர்ந்து தேர்ந்து போனேன். ட்ரான்ஸ்போமருக்குப் பக்கத்து வீடுகளை மாற்றி ஒன்றும் ஆகாது, தூரத்து வீடுகள்தான் கணக்கில் முன்னுக்கு வந்தன. இரவு உச்சத்தில் கடைசி வீடு 219 காட்டியது. புதிய ட்ரான்ஸ்போமரும் இல்லை, புதிய கம்பியும் இல்லை.

ஆனால் மத்தியானத்தை ஓடவிட்டால் நிலைமை இன்னும் மோசம். சூரிய மின்சாரத்தைப் பக்கத்திலேயே கொஞ்சமாவது குடித்துக்கொண்டிருந்த வீடுகளை நான் வேறு ஃபேஸுக்கு அனுப்பிவிட்டேன். இரவை மட்டும் பார்த்திருந்தால் இது தெரிந்திருக்காது. நாள் முழுவதையும் ஓடவிட்டுப் பார்க்கும் வசதி கருவியில் இருப்பது இதற்குத்தான். அம்மாவின் வீட்டுக்கு அருகே கிணற்று மோட்டர் உள்ள மூன்று வீடுகளை அவருடைய ஃபேஸிலேயே விட்டு, வேறு மூன்றை மாற்றினேன். அந்த மோட்டர்கள் பின்னேரத்துக்குப் பதிலாக மத்தியானம் ஓடினால்? 1 குதிரைவலு மோட்டர் சுமார் 1 கிலோவாட் இழுக்கும். மூன்றும் ஓடினால் லைனில் பின்னோக்கிப் போவது 2 கிலோவாட்தான். ஏற்றம் 8 வோல்ட், 238. எல்லைக்குள்.

மத்தியானம் தோட்டத்துக்குத் தண்ணி விடுவதில்லையே என்று அந்த ஐயா சொன்னார். உண்மை, அந்த வெயிலில் விட்டால் பாதி ஆவியாகிவிடும். ஆனால் மத்தியானம் தாங்கிக்கு ஏற்றி வைத்து, பொழுதுபட அதிலிருந்து விடலாம். இரண்டு வீட்டில் ஏற்கனவே தாங்கி இருந்தது. மூன்றாவதுக்கு ஐயா இப்போது கட்டிக்கொண்டிருக்கிறார். மோட்டர் 199க்குப் பதிலாக 238இல் ஓடும் என்பதுதான் அவரைச் சம்மதிக்க வைத்தது. மூன்று தரம் கொயில் கட்டியவருக்கு அதன் அருமை தெரியும்.

வரைபடமும் 8 வீடுகளின் பட்டியலும் கொண்ட இரண்டு பக்கத்தை அச்சடித்துப் பொறுப்பானவர்களிடம் கொடுத்தேன். அவர்களில் ஒரு பொறியியலாளர் அவசரமில்லாமல் பார்த்தார், கம்பங்களின் படங்களைக் கேட்டு வாங்கினார், நியூட்ரலை எப்படி எழுதினேன் என்று விசாரித்தார். சில வாரம் கழித்து ஒரு காலை லைன் நிறுத்தப்பட்டது. மதியத்துக்குள் 8 வீடும் மாறிவிட்டன. அன்று இரவு 7 மணிக்கு நான் அதே சுவரில் அதே மல்டிமீற்றரை வைத்தேன். 217.

அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, லப்டொப் திரையைக் காட்டச் சொன்னார். கம்பங்களை இணைக்கும் கோடுகள், வீடுகளுக்குப் புள்ளிகள். "என்ர வீடு எது?" என்று கேட்டார். கடைசிப் புள்ளியைத் தொட்டுக் காட்டினேன். அதற்குப் பக்கத்து வெறுமையான இடத்தில் விரலை வைத்தார்.

"இதில மகள் அத்திவாரம் போட்டிருக்கிறா. தைக்கு வீடு குடிபுகுறம். அதையும் போட்டுப் பார் தம்பி, காணுமோ எண்டு."

42ஆவது புள்ளியை வைத்தேன். மூன்றாவது ஃபேஸில்.